தாராவியில் ஐந்து நாள்: பக்த்சிங் கப்பலிறங்கிய ஊரில்

ஏப்ரல் 4, 2024, வியாழன்

சயான் ஸ்டேஷன் படியிறங்கும்போது காலை ஏழரை. அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஏப்ரல் மும்பையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை வாட்டும். வெப்பம் 33, 34 டிகிரிதான், ஆனால் நிழலில் நின்றாலும் வியர்வை உலராது. ஸ்டேஷன் வாசலில் கட்டிங் சாய் 10 ரூபாய், வடாபாவ் 15. ஆட்டோ மீட்டர் 23-ல் தொடங்கியது. தாராவியின் நைன்ட்டி ஃபீட் ரோடுக்குள் நுழைந்ததும் கடைப் பலகைகளில் தமிழ். மாவு மில் வாசனையும் தோல் ஒட்டும் பசை வாசனையும் ஒன்றாக வரும் தெரு.

இங்குள்ள ஒரு தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் வெள்ளி, சனி மாலை விசுவாசத்தைத் தட்டியெழுப்பும் எழுப்புதல் கூட்டம். ஞாயிறு ஆராதனை, அதன்பின் அன்பின் விருந்து. தேதியை யோசித்துத்தான் குறித்திருக்கிறார்கள். 1933 ஏப்ரல் 6-ம் தேதி கிறிஸ்தவப் பிரசங்கியார் சகோதரர் பக்த்சிங் கப்பலில் வந்து இறங்கியது இந்த ஊரில். அவர் பெயரைச் சொன்னால் சென்னைக்காரர்களுக்கு அவர் தொடங்கிய யேகோவா ஷம்மா சபை ஞாபகம் வரும், தெலுங்கு சகோதரர்களுக்கு ஹைதராபாத் எப்ரோன் சபை. பம்பாய் யாருக்கும் சட்டென்று ஞாபகம் வராது. தெருப் பிரசங்கத்தை அவர் தொடங்கியது இங்கேதான் என்பதை வாலிபர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது சபையை நடத்தும் மூப்பர்களின் ஆசை.

முதலில் திறந்த மைதானம் என்று திட்டம். தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதி அமலுக்கு வந்ததும், எந்தப் பொதுக்கூட்டத்துக்கும் அனுமதி வாங்க நாள் இழுக்கும் என்று தெரிந்து சபை மண்டபத்துக்கே மாற்றிவிட்டார்கள். நல்ல முடிவு. ஆனால் கணக்கெல்லாம் மாறிப்போனது. மண்டபம் 42 அடி நீளம், 28 அடி அகலம். பாயில் சம்மணமிட்டு உட்கார ஓர் ஆளுக்கு இரண்டுக்கு இரண்டரை அடி, அதாவது 5 சதுர அடி வேண்டும். மேடைக்கு 6 அடியும் நடுவில் போக்குவரத்துக்கு 3 அடியும் விட்டால் 180 பேர் உட்காரலாம், நெருக்கினால் 200. எதிர்பார்ப்பது 300. நாற்காலி போட்டால் 110-க்கு மேல் போகாது. அதனால் நாற்காலி முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும், சுவரோரமாக ஒரு வரிசை. மீதிப் பேருக்கு மாடி அறையில் ஒரு திரை.

ஒலிபெருக்கிதான் பெரிய பாடு. வெளியே கூம்பு ஸ்பீக்கர் கட்டக் கூடாது என்று மூப்பர் கண்டிப்பாகச் சொன்னார். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவில் 45. பத்து மணிக்கு மேல் வெளியே ஒலிபெருக்கியே கூடாது. சந்தின் அகலம் ஆறடி, எதிர்வீட்டில் கைக்குழந்தை. சட்டம் இல்லாவிட்டாலும் இதுதான் சரி.

கூரை தகரம். இங்குள்ள தமிழர்கள் ‘பத்ரா’ என்பார்கள். பத்ராவுக்குக் கீழே மேடையில் இரண்டு பெரிய பெட்டி வைத்தால் முன்வரிசைக்குக் காது அடைக்கும், பின்வரிசைக்குக் குரல் உருண்டு ஒன்றும் புரியாது. சரிசெய்யும் வழி எளியது. சிறிய பெட்டிகள் நாலு, இரண்டு பக்கச் சுவரிலும் உட்கார்ந்தவர் காதுக்குச் சற்று மேலே, ஒவ்வொன்றும் பாதிச் சத்தத்தில். பக்கச் சுவர்களில் பழைய ஜமக்காளம் தொங்கவிட வேண்டும். எட்டு ஜமக்காளம் கட்டியபின் கை தட்டிப் பார்த்தோம். எதிரொலி பாதியாகக் குறைந்திருந்தது. மைக் வைத்திருப்பவர் ஸ்பீக்கருக்கு முன்னால் போனால் ஊளையிடும், அதற்கு மட்டும் தரையில் சுண்ணாம்புக் கோடு.

இரவு ஒரு அக்கா வீட்டில் தோசையும் கருவாட்டுக் குழம்பும். கேட்காமலேயே மூன்றாவது தோசை விழுந்தது.

ஏப்ரல் 5, வெள்ளி

காலை ஐந்தரைக்கே சந்து முழுக்கத் தண்ணீர்ச் சத்தம். குழாயில் தண்ணீர் வரும் நேரம் தவறினால் அன்றைக்கு அவ்வளவுதான். நீல டிரம்கள் நிரம்பும்வரை யாரும் யாரோடும் பேசுவதில்லை.

பதினோரு மணிக்கு ஒரு தோல் பட்டறை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தாராவியில் காலூன்றியதே தோல் தொழிலால்தான். பதனிடுகிற வேலை பெரும்பாலும் வெளியே போய்விட்டது. தைக்கிற வேலை நிற்கிறது: பை, பெல்ட், பர்ஸ், சபைக்காரர்கள் கேட்டால் வேதாகம உறையும்.

மாஸ்டர் ஓர் உறை தைப்பதை முழுவதும் காட்டினார். புத்தகம் 22 சென்டிமீட்டர் உயரம், 15 அகலம், 5 கனம். இரண்டு அட்டையும் முதுகும் சேர்த்தால் 35. இரண்டு ஓரத்துக்கும் ஒன்றரை கூட்டி 38, உயரத்தில் 25. ஆட்டுத்தோல் ஒன்றேகால் மில்லிமீட்டர் கனம் இருக்கும். மடிக்க வேண்டிய ஓரத்தை மட்டும் ஒரு விரல்கடை அகலத்துக்குச் சீவிப் பாதியாக்க வேண்டும். இதில்தான் கைத்திறமை. அதிகம் சீவினால் மடிப்பு இரண்டு வருஷத்தில் வெடிக்கும், குறைவாகச் சீவினால் ஓரம் புடைத்து ஊசி முறியும். சொலூஷன் பசை தடவியதும் ஒட்டக் கூடாது. விரல் வைத்தால் பிசுக்கென்று இழுக்கும் பதம் வரும்வரை, ஐந்தாறு நிமிஷம், ஆறப் போட வேண்டும்.

“மூடி வச்சுத்தான் அளக்கணும் அண்ணாச்சி. தொறந்து வச்சு அளந்தா முதுகுக்குத் தோல் பத்தாது, ஜிப்பு பல்ல இளிச்சிரும்” என்றார். கூலியோடு 550 ரூபாய்.

அந்த உறையைக் கையில் வாங்கியபோது பக்த்சிங்கின் சாட்சிதான் ஓடியது. பஞ்சாபில் சர்கோதா மாவட்டத்து ஜோயா கிராமத்தில் 1903-ல் பிறந்தவர், சீக்கியக் குடும்பம். மாணவனாக இருந்தபோது கைக்கு வந்த வேதாகமத்தின் தாள்களைக் கிழித்துப் போட்டு, அழகாக இருக்கிறதே என்று தோல் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். மாஸ்டரிடம் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “அட்டை அவ்வளவு நல்ல தோலா இருந்திருக்கும்” என்றார், முழு அக்கறையோடு.

மாலை ஆறரைக்குக் கூட்டம். ஏழு மணிக்கு 190 பேர். செய்தி, அதாவது பிரசங்கம், தமிழில், வரிக்கு வரி இந்தியில். இங்கே பிறந்த பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. மராத்தி அல்லது ஆங்கிலப் பள்ளி. பாட்டுகளைத் திரையில் தேவநாகரி எழுத்தில் போடுகிறார்கள். ‘ள’வுக்கு மராத்தியில் எழுத்து இருக்கிறது, இந்தி மட்டும் படித்த பிள்ளைக்கு அது தடுமாறும். ‘ழ’வைப் பக்கத்தில் இருக்கும் பாட்டியின் வாயைப் பார்த்துத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

மொழிபெயர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பல நல்ல செய்திகள் இங்கேதான் விழுகின்றன. தமிழிலும் இந்தியிலும் வினைச்சொல் கடைசியில் வரும். அதனால் தமிழிலிருந்து இந்திக்குப் போவது லேசு, வாக்கியத்தின் பின்னாலேயே நடக்கலாம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு என்றால் வாக்கியம் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பக்த்சிங் சென்னையில் பேசியபோது பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்தக் கஷ்டம். பிரசங்கியார் ஒரு மூச்சுக்கு ஏழெட்டு வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. 40 நிமிஷச் செய்தி இரு மொழியில் 80 நிமிஷமாகிவிடும், ஆகவே 25 நிமிஷத்துக்கே தயாரித்து வர வேண்டும். வசனங்களை நின்ற இடத்தில் மொழிபெயர்க்கவே கூடாது, இந்தி வேதாகமத்திலிருந்து வாசிக்க வேண்டும். அதற்குப் பட்டியல் நாலு மணிக்கே மொழிபெயர்ப்பாளர் கைக்கு வர வேண்டும். இன்று ஆறு மணிக்குத்தான் வந்தது. பி.காம். படிக்கும் தம்பி மூன்று இடத்தில் பக்கம் புரட்டித் தேட, கூட்டத்தின் கவனம் மூன்று முறை கலைந்தது. மற்றபடி அந்தத் தம்பியின் குரலில் இருந்த நடுக்கமும் நேர்மையும் யாரையும் தொடும்.

இரவு முழு இரவு ஜெபம். பத்து மணிக்கு மைக் அணைந்தது. நாற்பது பேர் நாலு மணிவரை முழங்காலில், மெல்லிய குரலில். எதிர்வீட்டுக் குழந்தை ஒரு தடவைகூட அழவில்லை.

ஏப்ரல் 6, சனி

பத்து வாலிபர்களோடு சயானிலிருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ், டிக்கெட் 10 ரூபாய். அங்கிருந்து கால்மணி நேர நடையில் பாலார்டு எஸ்டேட். கடலை நிரப்பி எடுத்த நிலத்தில் முதல் உலகப்போர் நாட்களில் எழுந்த வட்டாரம். கேட்வே ஆஃப் இந்தியாவை வரைந்த ஜார்ஜ் விட்டெட் வரைந்தது. ஒரே உயரத்தில் கல் கட்டடங்கள், பெரிய மரங்கள், நல்ல நிழல். கோடியில் பாலார்டு பியர், அந்த நாளில் வெளிநாட்டுப் பயணிகள் கப்பல் வந்து நின்ற துறை. இப்போது உல்லாசக் கப்பல் முனையம். காவலாளி உள்ளே விடவில்லை. ஆனால் நிற்க இடம் காட்டி, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்.

கேட்டுக்கு வெளியே நடைபாதையில் நின்று மூப்பர் பக்த்சிங்கின் கதையைச் சொன்னார். 1926-ல் இன்ஜினியரிங் படிக்க இங்கிலாந்து. 1929-ல் கனடா, வினிபெக். அங்கே டிசம்பர் 16-ம் தேதி ஒரு நண்பரிடமிருந்து வாங்கிய புதிய ஏற்பாட்டில் யோவான் மூன்றாம் அதிகாரம். மூன்றாம் வசனத்தின் தொடக்கத்திலேயே, “மெய்யாகவே மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்” என்ற இடத்தில், அவர் நின்றுவிட்டார். மேலே வாசிக்க முடியவில்லை. 1932 பிப்ரவரியில் வான்கூவரில் ஞானஸ்நானம். ஊழியத்துக்கு அழைப்பு வந்தபோது மூன்று நிபந்தனையோடு வந்தது என்பார் பக்த்சிங்: குடும்பச் சொத்தில் உரிமை பாராட்டக் கூடாது, எந்தச் சங்கத்திலும் சேரக் கூடாது, சொந்தமாகத் திட்டம் போடக் கூடாது.

இந்தக் கரையில் தாயும் தகப்பனும் காத்திருந்தார்கள். மகனுடைய விசுவாசம் கடிதம் மூலம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். கேட்டது ஒன்றுதான்: குடும்ப மானத்துக்காக இதை வெளியே சொல்லாமல் இருக்க வேண்டும். முடியாது என்றார் மகன். விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஏழு வருஷம் கழித்துத் திரும்பிய பிள்ளை, தலைசாய்க்க இடமில்லாமல் இந்தத் தெருக்களில் நின்றார். மேடையில்லை, ஒலிபெருக்கியில்லை, அழைத்த சபையுமில்லை. தெருவில் நின்று பேசத் தொடங்கினார், கொஞ்ச நாளில் கூட்டம் கூடியது.

வாலிபர்களில் ஒருவன், “அப்பா அம்மா அப்புறம் பேசவே இல்லையா ஐயா?” என்று கேட்டான். தகப்பனார் பின்னாளில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார் என்று மூப்பர் சொன்னதும் அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும். அவன் வீட்டிலும் இதே பேச்சு நடக்கிறது என்று பிறகு தெரிந்தது.

மதியம் மாட்டுங்கா. ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழை இலை எல்லாம் ஊரில் கிடைக்கிற மாதிரியே. சின்ன வெங்காயம் கிலோ 80. எட்டுக் கிலோ வாங்கியதும் கடைக்காரர் கறிவேப்பிலையை ஒரு கட்டாகவே போட்டுக்கொடுத்தார். ஃபில்டர் காபி குடித்தபின்தான் எல்லோருக்கும் முகம் தெளிந்தது.

மாலைக் கூட்டத்தில் 260 பேர். செய்தி முடிந்து 23 பேர் தனியாகப் பேச இருந்தார்கள். பக்த்சிங் ஊழியத்தில் நெஞ்சில் தைக்கிற பகுதி இதுதான். 1937-ல் பஞ்சாபில், இன்றைய பாகிஸ்தானிலுள்ள மார்ட்டின்பூரில், பெரிய எழுப்புதல். அதன்பின் ஊர் ஊராகக் கூட்டம், 1938-ல் சென்னை, திரளான ஜனம். கூட்டம் முடிந்ததும் மனந்திரும்பியவர்களை யார் பார்த்துக்கொள்வது? பிரசங்கியார் அடுத்த ஊருக்குப் போய்விடுவார், விதைத்தது காயும். அந்தப் பாரத்தோடுதான் பல்லாவரத்து மலையில் ஓர் இரவு முழுக்க ஜெபித்தார். 1941-ல் சென்னையில் யேகோவா ஷம்மா பிறந்தது. அதே வருஷம் டிசம்பரில், லேவியராகமம் 23-ம் அதிகாரத்தை வைத்து, முதல் பரிசுத்த சபைகூடுதல், அதாவது விசுவாசிகள் பல நாள் சேர்ந்து தங்கும் கூட்டம். தேசம் முழுவதும் பேசித் திரிந்தவர் ஓர் ஊரில் ஒரு கூட்டத்தாரோடு உட்கார்ந்ததுதான் அவருடைய மிகப் பெரிய ஊழியம் என்பது என் தீர்மானமான எண்ணம்.

ஆகவே இங்கேயும் மேடையைவிட நோட்டுப்புத்தகத்துக்கு மதிப்பு அதிகம். பேர், வயது, யாரோடு வந்தார், வேலை நேரம், வீட்டு அடையாளம் என்று ஐந்து கட்டம். தாராவியில் கதவு எண் உதவாது. ‘மாவு மில் மாடி, பச்சைத் தகரம், குழாய்க்கு எதிர்ச் சந்து’ என்று எழுத வேண்டும். போன் நம்பர் பல வீட்டில் ஒன்றுதான், அது யார் கையில் இருக்கும் என்றும் குறிக்க வேண்டும். வேலை நேரம் எழுதாவிட்டால் மூன்று தடவை போனாலும் பூட்டிய கதவுதான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மூன்று மணிக்கு அடுப்புப் பற்றவைத்தாயிற்று. 320 பேருக்குச் சோறு, கோழிக்குழம்பு, முட்டைகோஸ் பொரியல், ரசம். அரிசி 36 கிலோ, கோழி 48 கிலோ, கோஸ் 26 கிலோ, தேங்காய் 25. சமையல் அண்ணாச்சி நாற்பது வருஷக் கை. 36 கிலோவையும் ஒரே அண்டாவில் போட மாட்டார். மேல்பாரத்தில் அடிச்சோறு களியாகும் என்று நாலு அண்டா, ஒன்றுக்கு 9 கிலோ. புழுங்கலரிசியை அரைமணி நேரம் ஊறவைத்து, தாராளத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, நடுவில் ஊசிமுனை வேகாமல் இருக்கும்போதே வடித்துவிடுகிறார். மீதி அதன் சூட்டிலேயே வெந்துவிடும். இந்தப் புழுக்கத்தில் சூட்டோடு மூடி அடுக்கினால் ஆவி தண்ணீராக இறங்கிச் சோறு வேர்த்துப்போகும், மதியத்துக்குள் புளிப்பு தட்டும். பாயில் வெள்ளைவேட்டி விரித்து நாலு விரல் உயரத்துக்குப் பரப்பி, ஆவி அடங்கியபின்தான் கூடையில் அள்ளினார்கள். தேங்காய் அரைத்ததைக் குழம்பில் ஊற்றுவது பந்திக்கு அரைமணி நேரம் முன்புதான். முதலிலேயே ஊற்றினால் கெட்டுவிடும். கடைசிப் பந்திக்கான குழம்பைத் தேங்காய் சேர்க்காமல் தனியே வைத்திருந்தார்.

ஒரு குறை நடந்தது. 19 கிலோ சிலிண்டர் ஒன்று எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்தது, ரசம் கொதிக்க முக்கால் மணி நேரம் தாமதம். சந்துக்குள் மாற்றுச் சிலிண்டரை உருட்டக் கூடாது, இருவர் தூக்கித்தான் வர வேண்டும். மூன்று அடுப்புக்கு நாலு சிலிண்டர் என்று கணக்கு வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

ஆராதனை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. மேடையில் யாரும் நடத்துவதில்லை. ஒருவர் எழுந்து ஜெபிப்பார், அமைதி, இன்னொருவர் ஒரு பாட்டைத் தொடங்குவார். அப்பமும் பாத்திரமும் கைமாறும். புதிதாக வந்தவர்களுக்கு அந்த அமைதி முதலில் சங்கடமாக இருக்கும், அரைமணி நேரத்தில் பழகிவிடும். காணிக்கைக்கு அறிவிப்பில்லை. வாசலோரம் ஒரு பெட்டி, அவ்வளவுதான். பணம் கேட்காதது பக்த்சிங் கடைசிவரை காத்த ஒழுங்கு. ஹைதராபாத் எப்ரோனில் பெரிய பந்தல்களில் நாள்கணக்கில் அத்தனை ஆயிரம் பேர் சாப்பிட்டதும் மனமுவந்து வந்த காணிக்கையில்தான்.

பந்திக்கு 60 பேர், இருபது நிமிஷம், ஆறு பந்தி. முதல் பந்தி பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் முதன்முறை வந்தவர்களுக்கும். ஜவுளிக்கடை முதலாளியும் அவர் கடையில் மூட்டை தூக்குபவரும் ஒரே பாயில் பக்கத்துப் பக்கத்தில். பக்த்சிங்கின் சபைகூடுதல்களில் ஜாதியும் பதவியும் பாராமல் ஒரே பாயில் உட்காரவைத்ததே அன்றைக்குப் பாதிப் பிரசங்கம். பரிமாறியவர்கள் சாப்பிடும்போது மணி மூன்றேகால். பொரியல் தீர்ந்துவிட்டது. சோறும் தேங்காய் இல்லாத குழம்பும் போதுமானதாக இருந்தது.

ஏப்ரல் 8, திங்கள்

ரயில் இரவில்தான். பகலில் நோட்டுப்புத்தகத்தோடு ஓர் அக்காவும் அவர் கணவரும் கிளம்பினார்கள், கூடப் போனேன். அவர்கள் ஒழுங்கு: மூன்று நாளுக்குள் முதல் சந்திப்பு, இரண்டு பேருக்கு மேல் போகக் கூடாது, இருபது நிமிஷத்துக்கு மேல் உட்காரக் கூடாது, போட்டோ எடுக்கவே கூடாது. வியாதியஸ்தர் என்றால் ஜெபிக்கலாம், மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது. வாலிபப் பிள்ளைகளை வீட்டாருக்குத் தெரியாமல் சந்திக்கக் கூடாது.

மூன்று வீடு பூட்டு. நாலாவது வீடு ஒரு மாடிக் கோலி, அதாவது ஓர் அறை வீடு. செங்குத்தான இரும்பு ஏணி, பிடிக்க ஒரு நைலான் கயிறு.

“யாரு?”

“சனிக்கிழமை கூட்டத்துல பேசுனோமே, அவங்கதான் அக்கா.”

தைத்துக்கொண்டிருந்த துணிக்குவியலை ஓரமாக ஒதுக்கிப் பாய் போட்டார். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். அவருக்கு வாசிக்க வராது. பத்து வயது மகனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, மராத்தி தெரியும். கொண்டுபோன மராத்தி யோவான் சுவிசேஷத்தைப் பையன் ஒவ்வொரு வரியாக வாசித்தான். அக்கா தமிழில் சொன்னார், அம்மா திருப்பிச் சொன்னார். மூன்றாம் அதிகாரம் மூன்றாம் வசனத்தில் ‘மெய்யாகவே’ என்பதை எதற்கு இரண்டு தடவை சொல்கிறார் என்று அம்மா கேட்டார். அதற்குப் பதில் சொல்லவே பத்து நிமிஷம் ஆனது. அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இறங்கி வந்ததும் அக்கா நோட்டில் எழுதினார்: “வியாழன் இரவு 9. அதற்கு முன்னால் தையல் முடியாது. 3:3 மறுபடி. ஏணியில் மேலிருந்து மூன்றாம் படி ஆடுகிறது, கயிற்றைப் பிடிக்கவும்.”